வன்னித் தேர்தல் மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் திகதி அறிவித்துவிட்டால் போதும், ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். நான் வவுனியாவில் குடியியல் படிப்பிக்கிறேன், தேர்தல் கடமைக்கும் போகிறேன். அதனால் பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் என்னைப் பிடித்துக் கேட்பார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

வன்னித் தேர்தல் மாவட்டம் எண்டால் எந்தெந்த இடம்?

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம். 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தபோது நாடு 22 தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. அதில் இது ஒன்று. உள்ளே மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று தொகுதிகள். 2024 இல் பதிவு செய்யப்பட்ட வாக்காளர்கள் 306,081 பேர். தெரிவாகும் உறுப்பினர்கள் 6 பேர்.

கிளிநொச்சியும் வன்னிதானே? அது ஏன் யாழ்ப்பாணத்தோட சேருது?

மண்ணாலும் வாழ்க்கையாலும் கிளிநொச்சி வன்னிதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் தேர்தல் மாவட்டங்களை வரைந்த காலத்தில் கிளிநொச்சி என்று தனி நிர்வாக மாவட்டம் இல்லை. அது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் ஒரு தொகுதி. 1984 இல் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், தேர்தல் எல்லையை மட்டும் தொடவில்லை.

அதனால் ஒரு ஒழுங்கையில் இருக்கிறவர் கிளிநொச்சி என்றால் யாழ்ப்பாணப் பட்டியலுக்கும், எல்லை தாண்டி முல்லைத்தீவு என்றால் வன்னிப் பட்டியலுக்கும் புள்ளடி போடுகிறார். ஒரே குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

அப்ப எங்கட தொகுதி எம்பி ஆர்?

அப்படி ஒருவர் இல்லை. தொகுதிக்கு ஒரு எம்பி என்ற முறை 1977 தேர்தலோடு முடிந்துவிட்டது. இப்போது ஆறு பேரும் மூன்று மாவட்டத்துக்கும் பொது. தொகுதி என்பது வாக்கு எண்ணவும் முடிவை அறிவிக்கவும் ஒரு அலகு, அவ்வளவுதான்.

இதன் விளைவு சின்னதல்ல. மூன்று மாவட்டத்துக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று சட்டத்தில் எந்த ஒதுக்கீடும் கிடையாது. விருப்பு வாக்கு, அதாவது பட்டியலில் உள்ள ஆளுக்கென்று போடும் வாக்கு, ஒரு பக்கம் குவிந்தால் ஒரு மாவட்டத்துக்கு ஒருவர்கூட வராமல் போகலாம். வாக்காளர் குறைந்த முல்லைத்தீவுக்காரர் இதை அடிக்கடி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில எங்களைப்போல ரெண்டு மடங்கு வாக்கு. அங்கயும் ஆறு, இங்கயும் ஆறு. எப்பிடி?

பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 29 தேசியப் பட்டியல், அதாவது நாடு முழுவதும் எடுத்த வாக்குப்படி கட்சிகளுக்குப் போவது. மிச்சம் 196. அதில் 160 வாக்காளர் எண்ணிக்கைப்படி பிரியும். மற்ற 36 உம் மாகாணத்துக்கு 4 என்று பிரித்து, அந்த நாலையும் மாகாணத்துக்குள் இருக்கும் தேர்தல் மாவட்டங்களுக்குப் பகிர்ந்தது. அதைச் செய்தது எல்லை நிர்ணய ஆணைக்குழு.

2024 இல் நாடு முழுவதும் வாக்காளர் ஏறக்குறைய 171 இலட்சம். அதை 160 ஆல் பிரித்தால் ஆசனத்துக்கு 107,000 சொச்சம் வரும். வன்னியின் 306,081 க்கு அந்தக் கணக்கில் 3 ஆசனம்தான் கிடைக்கும். மற்ற 3 உம் வட மாகாணத்தின் நாலில் இருந்து வருவது. யாழ்ப்பாணத்தின் ஐந்து இலட்சத்துத் தொண்ணூறாயிரம் சொச்சத்துக்கு ஆசனங்களில் பெரும்பகுதி வாக்காளர் கணக்கில்தான் வருகிறது. 2010 இல் 9 ஆக இருந்த யாழ்ப்பாணம், நாட்டின் வாக்காளர் இடாப்பில் அதன் பங்கு குறையக் குறைய 2015 இல் 7, 2024 இல் 6 என்று இறங்கியது. வன்னி அப்படியே 6 இல் நிற்கிறது. பரந்த நிலம், சிதறிய சனம் என்ற எங்கள் நிலைமைக்கு இந்த ஏற்பாடு கைகொடுத்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1978க்கு முந்தி ஆர் ஆர் இருந்தவை?

1947 முதல் தேர்தலில் வவுனியாவும் மன்னாரும் ஒவ்வொரு தொகுதி. வவுனியாவில் சி. சுந்தரலிங்கம், மன்னாரில் சி. சிற்றம்பலம். இரண்டு பேருமே சுயேச்சையாக வென்றவர்கள், இரண்டு பேருமே டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் அமைச்சர்கள். சுந்தரலிங்கத்துக்கு வர்த்தகம், சிற்றம்பலத்துக்குத் தபால், தொலைத்தொடர்பு. மலையகத் தமிழரின் குடியுரிமை விவகாரத்தில் சுந்தரலிங்கம் 1948 இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். இன்றைக்கு வவுனியாவில் பல கிராமங்கள் மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்களின் கிராமங்கள். அதை நினைக்கும்போது அந்த வெளியேற்றத்துக்கு இங்கே தனி அர்த்தம் இருக்கிறது.

முல்லைத்தீவு தனித் தொகுதியானது 1977 தேர்தலுக்குத்தான். அந்த வருடம் மூன்று தொகுதிகளையும் தமிழர் விடுதலைக் கூட்டணி வென்றது: வவுனியாவில் தா. சிவசிதம்பரம், முல்லைத்தீவில் எக்ஸ். எம். செல்லத்தம்பு, மன்னாரில் பி. எஸ். சூசைதாசன். 1982 சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால் அடுத்த பொதுத் தேர்தல் 1989 இல்தான் வந்தது. கூட்டணி உறுப்பினர்கள் 1983 இல் பிரிவினையை ஆதரிக்கமாட்டோம் என்ற ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் போர் வந்துவிட்டது.

புள்ளடி எங்க, இலக்கம் எங்க?

முதலில் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு நேரே புள்ளடி. பிறகு கீழே உள்ள இலக்கங்களில் விருப்பமானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று புள்ளடி. ஒரு பட்டியலில் ஆசன எண்ணிக்கையை விட 3 பேர் கூட நிற்கலாம் என்பதால் வன்னியில் 9 இலக்கங்கள் இருக்கும்.

கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்த வாக்கு போய்விடும். மூன்றுக்கு மேல் விருப்பு போட்டால் விருப்பு கணக்கெடுபடாது, கட்சிக்கான வாக்கு நிற்கும். வாக்குச்சீட்டு முழ நீளத்துக்கு வரும் தேர்தல்களில் வயதான அம்மாமார் சீட்டை மேசையில் விரிக்கவே சிரமப்படுவார்கள். வீட்டில் ஒரு மாதிரிச் சீட்டைக் காட்டி ஒருமுறை பழக்கி விடுங்கள்.

ஆசனத்தை எப்பிடிப் பிரிக்கிறது? ஒருக்கா கணக்காக் காட்டுங்கோ சேர்.

நாலு படி. முதலாவது, கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். இரண்டாவது, செல்லுபடியான வாக்கில் 5 வீதம் எடுக்காத கட்சிகளை விலக்குவது. மூன்றாவது, மிஞ்சிய கட்சிகளின் வாக்கைக் கூட்டி மீதி ஆசனங்களால் பிரித்து, அந்தத் தொகை எத்தனை முறை போகிறதோ அத்தனை ஆசனம். நாலாவது, அதற்கும் பிறகு ஆசனம் மிஞ்சினால் மீதி வாக்கு கூடியவருக்கு.

2020 ஐ எடுப்போம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 69,916. பொதுஜன பெரமுன 42,524. ஐக்கிய மக்கள் சக்தி 37,883. ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈபிடிபி) 11,310. கூட்டமைப்புக்குப் போனஸ் 1. இந்த நாலையும் கூட்டினால் 161,633. மீதி 5 ஆசனத்தால் பிரித்தால் 32,327 அளவில் வரும். கூட்டமைப்புக்கு அது இரண்டு முறை போகும், பெரமுனவுக்கு ஒன்று, சக்திக்கு ஒன்று. ஒரு ஆசனம் மிச்சம். இப்போது மீதியைப் பாருங்கள்: பெரமுனவிடம் 10,197, சக்தியிடம் 5,556, கூட்டமைப்பிடம் 5,262 அளவில். ஈபிடிபியின் 11,310 அப்படியே மீதியாக நிற்கிறது. கடைசி ஆசனம் அவர்களுக்கு. குலசிங்கம் திலீபன் பாராளுமன்றம் போனது இப்படித்தான்.

பதினொராயிரத்துக்கும் ஒரு ஆசனம், நாப்பத்திரண்டாயிரத்துக்கும் ஒரு ஆசனம். இது நியாயமோ?

அந்த ஒரு முடிவை மட்டும் பார்த்தால் நியாயமாகத் தெரியாது. ஆனால் இந்த முறையின் நோக்கமே சின்னத் தரப்புக்கும் ஒரு இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான். தமிழர், முஸ்லிம், சிங்களவர், மலையக வழி வந்தவர் என்று கலந்து வாழும் ஒரு மாவட்டத்தில், பழைய தொகுதி முறை இருந்திருந்தால் ஒரே தரப்பு மூன்றையும் அள்ளியிருக்கும். 1977 அதற்குச் சாட்சி.

கவனிக்க வேண்டிய இடம் 5 வீதக் கோடு. 2020 இல் அந்தக் கோடு 10,400 வாக்குக்குக் கிட்ட. ஈபிடிபி அதை ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கால்தான் தாண்டியது. எட்டாயிரம், ஒன்பதாயிரம் வாக்கு எடுத்த கட்சிகள் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டன, அவற்றின் வாக்குகள் கணக்கிலேயே வரவில்லை. "என்ர ஒரு வாக்கால என்ன ஆகப் போகுது" என்று சொல்பவருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

போனஸ் ஆசனத்தால வன்னியில உண்மையா ஏதும் மாறினதோ?

மாறியிருக்கிறது. 2010 இல் கூட்டமைப்பு 41,673, ஆளும் கட்சியான ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 37,522, ஐக்கிய தேசிய முன்னணி 12,783. வாக்கு விகிதப்படி முதல் இரண்டுக்கும் ஆளுக்கு 2, மூன்றாவதுக்கு 1. போனஸ்தான் 3, 2, 1 என்று ஆக்கியது. வெறும் 4,151 வாக்கு வித்தியாசம். அது மறுபக்கம் சாய்ந்திருந்தால், போர் முடிந்த அடுத்த வருடமே வன்னியில் ஆளும் கட்சிக்கு 3 ஆசனமும் கூட்டமைப்புக்கு 2 உம் என்று வந்திருக்கும்.

2015 இல் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கூட்டமைப்பு 89,886 எடுத்து 4 ஆசனம், ஐக்கிய தேசியக் கட்சித் தரப்பு 39,513 க்கு 1, சுதந்திரக் கூட்டமைப்பு 20,965 க்கு 1.

புளொட் ஒருக்கா மூண்டு ஆசனம் எடுத்ததாம். உண்மையோ?

உண்மை. 1994 இல் புளொட் என்கிற தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தின் கட்சியான ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணி வன்னியில் 11,567 வாக்கோடு 3 ஆசனம் பெற்றது. 2004 இல் கூட்டமைப்பு எடுத்தது 90,835. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நிலைமை விளங்கும்: 1994 இல் வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது, அங்கே வாக்கெடுப்பு நடக்கவில்லை. வவுனியா நகரையும் சுற்றியுள்ள இடங்களையும் போன்ற அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளின் வாக்கே முழு மாவட்டத்துக்கும் முடிவு சொன்னது. 2000 இல் ரெலோ (தமிழீழ விடுதலை இயக்கம்) இதே மாதிரி 3 ஆசனம் எடுத்தது. செல்வம் அடைக்கலநாதன் பாராளுமன்றம் போனது அந்தத் தேர்தலில்தான்.

வன்னியின் பழைய முடிவுகளைப் படிக்கும்போது, ஆர் வென்றது என்பதற்கு முன்னால் எத்தனை பேரால் போட முடிந்தது என்று பாருங்கள். சதவீதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வாதிடுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

2001 இல சனத்தைச் சோதனைச் சாவடியில மறிச்சது என்ன கதை?

அது 2001 பொதுத் தேர்தல். புலிகளின் பகுதியில் இருந்தவர்கள் அரச பகுதிக்குள் வந்து வாக்களிக்கலாம் என்று ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. தேர்தல் நாளன்று இராணுவம் பாதையைத் திறக்கவில்லை. வாக்குரிமை உள்ள ஆயிரக்கணக்கான ஆட்கள் போட முடியாமல் போனார்கள். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2003 இல் தீர்ப்பு வந்தது. வாக்களிப்பது கருத்து வெளியிடும் உரிமையின் ஒரு வடிவம் என்பதற்குச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் காட்டுகிற வழக்குகளில் இதுவும் ஒன்று. அது வன்னிச் சனத்தின் வழக்கு என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2004 இல ஆறில ஐஞ்சு எப்பிடி வந்தது?

சமாதான காலம். பாதை திறந்திருந்தது, புலிகளின் பகுதிச் சனமும் வந்து போட்டார்கள், புலிகளின் ஆதரவும் கூட்டமைப்புக்கு இருந்தது. அதோடு 2001 இல் உதயசூரியனில் நின்ற கூட்டமைப்பு, 2004 இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு மாறியது. வன்னியில் 64.7 வீதம். போனஸோடு 5 ஆசனம். மற்றது ரிஷாட் பதியுதீனின் பக்கம், ஐக்கிய தேசிய முன்னணிக்கு.

2005 இல வன்னியில ஒருத்தரும் போடேல்லையாமே?

2005 ஜனாதிபதித் தேர்தலைத்தான் கேட்கிறார்கள். அது யாழ்ப்பாணத்தோடு குழப்பிக்கொள்வது. புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத்தில் 1.2 வீதம்தான் போட்டார்கள். வன்னியில் 34.3 வீதம். ரணில் விக்கிரமசிங்க 65,798, மகிந்த ராஜபக்ச 17,197. நாடு தழுவிய வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. வடக்கு முழுதாகப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி இன்றுவரைக்கும் ஓயவில்லை.

முள்ளிவாய்க்கால் முடிஞ்சு ஒரு வருசம் ஆகேல்ல, சனம் எப்பிடிச் சரத் பொன்சேகாவுக்குப் போட்டது?

இதைக் கேட்கிற இளம் பிள்ளைகளின் குரலிலேயே வலி இருக்கும். 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் வன்னியில் பொன்சேகாவுக்கு 70,367, மகிந்தவுக்கு 28,740. போரை வழிநடத்திய இராணுவத் தளபதியும், போருக்கு உத்தரவிட்ட ஜனாதிபதியும்தான் முன்னால் நின்ற இருவர். ஆட்சியில் இருப்பவரை மாற்ற வேண்டும் என்று கூட்டமைப்பு கேட்டது, போட்டவர்கள் அதற்காகப் போட்டார்கள்.

ஆனால் போட்டவர்கள் வெறும் 40 வீதம். மிச்சப் பேரில் பலர் முகாமில் அல்லது உறவினர் வீட்டில், அடையாள அட்டை இல்லாமல், ஊர் எங்கே என்று தெரியாமல் இருந்தவர்கள். அந்தத் தேர்தலில் வன்னி என்ன நினைத்தது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவர்களையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

புத்தளத்தில இருக்கிற ஆக்களுக்கு ஏன் மன்னார் வாக்கு? அவை அங்கத்த ஆக்கள்தானே?

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னாரில் இருந்து போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புத்தளத்தில் முகாம்களிலும், பிறகு அங்கேயே வீடு கட்டியும் இருந்தார்கள். ஊரை விட்டது அவர்கள் விருப்பத்தில் அல்ல. அதனால் ஊர் வாக்கையும் பறிக்கக் கூடாது என்ற கொள்கையில் பெயர் வன்னி இடாப்பில் நின்றது, புத்தளத்தில் விசேட வாக்கெடுப்பு நிலையங்களும் போடப்பட்டன.

முப்பது வருடம் கழிந்த பிறகு, அங்கே பிறந்த பிள்ளைக்கு எந்த ஊர் வாக்கு என்பது சிக்கலான கேள்விதான். அதைச் சட்டப்படி, கிராம சேவையாளர் ஊடாக, பதிவைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். 2019 ஜனாதிபதித் தேர்தல் அன்று புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்களைத் தந்திரிமலையில் மறித்துச் சுட்டார்கள். உயிர்ச் சேதம் இல்லாதது பெரிய காரியம். மேலே 2001 இல் எங்களை மறித்த கதையைச் சொன்னேன். பாதையில் மறிக்கப்படுவது என்னவென்று தெரிந்த சனம் நாங்கள். இன்னொரு சனத்தின் வாக்கைக் கள்ள வாக்கு என்று வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜனாதிபதித் தேர்தலில வன்னி எப்பவும் தோக்கிற ஆளுக்குத்தானே போடுது?

எப்போதும் அல்ல. 1982 இல் ஜே. ஆர். ஜயவர்தன 32,834 வாக்கோடு இங்கே முதலாவது. கொப்பேகடுவ 23,221, குமார் பொன்னம்பலம் 11,521. 1994 இல் சந்திரிகா. 2015 இல் மைத்திரிபால சிறிசேன 141,417. இவர்கள் மூவரும் நாட்டிலும் வென்றார்கள்.

1999, 2005, 2010, 2019, 2024 இல் வன்னி தெரிந்தவர் நாட்டில் தோற்றார். 2019 இல் சஜித் பிரேமதாசவுக்கு 174,739, அதாவது 82 வீதம். 2024 இலும் அவரே முதலாவது, ஆனால் 95,422. ரணிலுக்கு 52,573, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 36,377, தேசிய மக்கள் சக்தியின் அநுர குமாரவுக்கு 21,412.

செப்டெம்பரில நாலாமிடம், நவம்பரில முதலாமிடம். தேசிய மக்கள் சக்தி எப்பிடி வந்தது?

இரண்டு விடயம் சேர்ந்தது. ஜனாதிபதி மாறிய பிறகு அவர்கள் பக்கம் வாக்குக் கூடியது: 21,412 ஆக இருந்தது பொதுத் தேர்தலில் 39,894. மறுபக்கம் தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றன. ஐக்கிய மக்கள் சக்தி 32,232, வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழரசுக் கட்சி 29,711, சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 21,102, இலங்கைத் தொழிற் கட்சி 17,710. வெறும் 20.4 வீதத்தோடு போனஸ் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. செல்வத்தம்பி திலகநாதன், ஆறுமுகம் ஜெகதீஸ்வரன் இருவரும் அந்தப் பட்டியலில். மற்றவை ஆளுக்கு ஒன்று: ரிஷாட் பதியுதீன், துரைராசா ரவிகரன், செல்வம் அடைக்கலநாதன், காதர் மஸ்தான்.

வீடும் சங்கும் ஒண்டா நிண்டிருந்தால்?

கூட்டினால் 50,813. போனஸ் அந்தப் பக்கம் வந்திருக்கும். மேலே 2020 க்குப் போட்ட அதே கணக்கைப் போட்டால் அவர்களுக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 1, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 1. அதாவது பிரிந்து நின்றதற்கு விலை ஒரு ஆசனம்.

ஆனால் வாக்கைக் கடதாசியில் கூட்டுவது போல மனிதரைக் கூட்ட முடியாது. இரண்டும் சேர்ந்தால் போடமாட்டேன் என்று இருந்தவர்களும் உண்டு, பிரிந்ததால் கோபித்துத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டவர்களும் உண்டு. எங்கள் தெருவிலேயே இரண்டு வகையையும் கண்டிருக்கிறேன்.

மாகாண சபைக்கும் வன்னி எண்டுதான் எண்ணுறதோ?

இல்லை. அது நிர்வாக மாவட்டப்படி. 2013 செப்டெம்பரில் நடந்த வட மாகாண சபைத் தேர்தலில் மன்னாருக்கு 5, முல்லைத்தீவுக்கு 5, வவுனியாவுக்கு 6 என்று தனித்தனி ஆசனம். கிளிநொச்சிக்கும் தனியாக 4. கூட்டமைப்பு மொத்தம் 38 இல் 30 எடுத்தது. மன்னாரில் அவர்களுக்கு 3, முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் 4 என்று வந்தது.

பிறகேன் மாகாண சபைத் தேர்தல் வரேல்ல?

சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு முதல் வருடம் சட்டத்தைத் திருத்திக் கலப்பு முறைக்கு மாற்றினார்கள், அதற்குப் புதிய தொகுதி எல்லை தேவைப்பட்டது. எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 இல் நிராகரித்தது. பழைய முறை போய்விட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை.